சர்க்கரைக் கல்லும் நீல எழுத்தும்: கிருபால் சிங் ஷெகாவத்தின் கலையும் ஆசிரியமும்

வேப்பனப்பள்ளிப் பக்கத்து மானாவாரி நிலங்களில் ஏர் ஓடும்போது செம்மண்ணோடு புரண்டு வரும் வெள்ளைக் கற்களை யாரும் பொருட்படுத்துவதில்லை. வெங்கச்சாங்கல் என்று சொல்லி வரப்போரமாக எறிந்துவிடுவார்கள். இருட்டில் இரண்டு கற்களை உரசி, தெறிக்கும் ஒளியைப் பார்ப்பது சிறுபிள்ளைகளின் விளையாட்டு. கர்நாடகமும் ஆந்திரமும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கின்ற, தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே சந்தையில் பேசப்படுகின்ற இவ்வூரில் கல் என்றாலே கிரானைட் லாரிகள்தாம் நினைவுக்கு வரும். ஆனால், இந்த எளிய வெள்ளைக் கல்லுக்கு எழுநூறு ஆண்டுகளுக்கு முன் பாரசீகத்தின் காஷான் நகரத்துக் குயவர்கள் ஓர் இனிய பெயர் வைத்திருந்தார்கள்: சர்க்கரைக் கல். அதனைப் பொடித்துப் பிசைந்து அவர்கள் வனைந்த கலங்களின் வழித்தோன்றலாக நம் நாட்டில் இன்றும் உயிரோடிருப்பது ஜெய்ப்பூரின் நீலக் கலங்கள். அக்கலங்களின் பெயரோடு பிரிக்க முடியாதபடி இணைந்துவிட்ட ஓவியர் கிருபால் சிங் ஷெகாவத் (1922–2008). அவரது கலையையும், அதனினும் மேலாக அவரது ஆசிரியப் பணியையும் குறித்து எழுதப்படுபவற்றில் நம்மை நெடுநாளாக உறுத்திவரும் ஒரு குறையைப் பற்றியதே இக்கட்டுரை.

அக்குறை ஒரே சொல்லில் அடங்கியிருக்கிறது. "மீட்டெடுத்தவர்" என்பது அச்சொல். அழிந்துபோன கலையைத் தனியொருவராக மீட்டெடுத்தவர் என்று அவரைப் பாராட்டுகிறார்கள். பாராட்டு பொய்யன்று, முழுமையுமன்று. மீட்டல் என்றால் எங்கிருந்து? யாரிடமிருந்து?

முதலில் சொல்லிலிருந்தே தொடங்குவோம். நாம் நாள்தோறும் வழங்கும் "பீங்கான்" என்பது பாரசீகத்தின் "பிங்கான்". அரபியர் அதனை "ஃபின்ஜான்" என்றார்கள். கோப்பை என்று பொருள். சீனத்தின் வெண்களிமண்ணுக்கும் நம் சொல்லுக்கும் பிறப்பால் உறவில்லை. உண்மையான சீனப் பீங்கான் கயோலின் என்னும் வெண்களிமண்ணால் ஆகி, ஏறத்தாழ 1,300 பாகை சூட்டில் வெந்து, ஒளி ஊடுருவும் தன்மை பெறுவது. அந்தக் களிமண்ணும் அந்தச் சூட்டுக்குரிய சூளையும் மேற்காசியக் குயவருக்கு வாய்க்கவில்லை. ஆனால் வணிகர் கொண்டுவந்து இறக்கிய சீனக் கலங்களின் வெண்மை அவர்கள் கண்ணை விட்டு அகலவில்லை. அப்பாசியர் காலத்துப் பஸராவில், 9ஆம் நூற்றாண்டிலேயே, களிமண்ணின் மேல் ஈயமும் வெள்ளீயமும் கலந்த வெண்பூச்சைப் பூசி, அதன்மேல் கோபால்ட் நீலத்தால் எழுதிப் பார்த்தார்கள். வெள்ளையில் நீலம் என்னும் இணைக்கு அதுவே முதல் தொடக்கங்களுள் ஒன்று. பின்னர், 11, 12ஆம் நூற்றாண்டுகளில், எகிப்திலும் ஈரானிலும் களிமண்ணையே ஏறக்குறையக் கைவிட்டார்கள். வெண்கல்லைப் பொடித்து, சிறிது கண்ணாடித்தூளும் சிறிது வெண்களிமண்ணும் சேர்த்து ஒரு செயற்கைச் சாந்தை ஆக்கினார்கள். சீனத்தின் வெண்மையைச் சீனத்தின் மண்ணில்லாமலே எட்டிப் பிடித்த அறிவு அது.

இந்தச் செய்முறை நமக்கு எழுத்தில் கிடைத்த வகையும் கருதத்தக்கது. காஷானில் அபூ தாஹிர் என்பாரின் குடும்பம் நான்கு தலைமுறையாகக் கலமும் ஓடும் செய்து வந்தது. அக்குடும்பத்துப் பிள்ளை அபுல் காசிம் அப்துல்லாஹ், சூளையை விட்டு எழுதுகோலைப் பிடித்து, இல்கானிய அரசவையின் வரலாற்றாசிரியரானார். மணிகளையும் நறுமணப் பொருள்களையும் பற்றி ஹிஜ்ரி 700இல், அதாவது 1301 அளவில், அவர் எழுதிய நூலின் இறுதிப் பகுதியில் தம் குடும்பத் தொழிலின் நுணுக்கங்களை வெளிப்படையாக எழுதி வைத்தார். பத்துப் பங்கு வெண்கல், ஒரு பங்கு கண்ணாடி, ஒரு பங்கு வெண்களிமண். கோபால்ட் தாது காஷானை அடுத்த கம்ஸர் என்னும் ஊரின் மலையில் கிடைப்பதையும், தொழிலாளிகள் அதனைச் "சுலைமானி" என்று அழைப்பதையும், சுலைமான் நபி (அலை) அவர்களே அதனைக் கண்டறிந்தார்கள் என்பது அவ்வூரார் கூற்று என்பதையும் அவர் குறித்திருக்கிறார். தொழில் ரகசியம் என்று பூட்டி வைத்திருக்கக் கூடிய ஒன்றைத் தொழிலை விட்டு விலகிய மகன் உலகுக்குத் திறந்து வைத்தார். பிற்காலத்தில் மேற்கிலிருந்து சென்ற கோபால்ட்டே சீனத்தின் ஜிங்டெஜென் சூளைகளில் புகழ்பெற்ற நீலவெண் பீங்கானாயிற்று. அந்நீலத்தைச் சீனர் முஸ்லிம் நாட்டு நீலம் என்றே வழங்கினர். மிங் அரசர் ஜெங்டெயின் ஆட்சியில் (1506–1521) அரபு, பாரசீக எழுத்துகள் தீட்டிய பீங்கான்கள் அங்கே செய்யப்பட்டதும் கலை வரலாற்றில் அறிந்த செய்தியே.

பீங்கானில் எழுத்து என்றதும் நம் பக்கத்து வழக்கமொன்றும் நினைவுக்கு வருகிறது. வெண்பீங்கான் தட்டில் குங்குமப்பூக் கரைசலால் லெப்பைமார்கள் எழுதிக் கொடுக்க, அதனை நீர்விட்டுக் கரைத்துக் குடிப்பது தமிழ் முஸ்லிம் இல்லங்களில் நெடுநாள் இருந்துவந்தது. அதன் ஆகுமை பற்றிய வாதத்துக்குள் நாம் போகவில்லை. ஆனால் எழுத்தைக் கலத்தில் ஏற்றுவதில் இரண்டு வகை மனநிலைகள் உண்டு என்பதை அது காட்டுகிறது: கரைவதற்கென்றே எழுதுவது ஒன்று, கண்ணாடிக்குள் அடைத்து, கலம் உடையும்வரை அழியாதபடி எழுதுவது மற்றொன்று. கிருபால் சிங்கின் வாழ்நாள் இந்த இரண்டாவதில் கழிந்தது.

காஷானின் சாந்து மத்திய ஆசியா வழியாக இந்தியாவுக்கு வந்தது. "காஷீ" என்றே ஓட்டு வேலைக்குப் பெயர் விளங்கிற்று. முல்தானிலும் டெல்லியிலும் கல்லறை மாடங்களிலும் பள்ளிவாசல் முகப்புகளிலும் அது நீலமும் பசுமையுமாக ஒளிர்ந்தது. ஜெய்ப்பூருக்கு அது வந்த கதையை அந்நகரத்தார் சுவையாகச் சொல்வார்கள். மகாராஜா இரண்டாம் ராம் சிங் (ஆட்சி 1835–1880) ஒருநாள் பட்டம் விடும் போட்டியைக் கண்டபோது, பயானாவிலிருந்து வந்த சூராமன், காலுராம் என்னும் சகோதரர் இருவர் அரண்மனைப் பட்டங்களையெல்லாம் அறுத்து வீழ்த்தினராம். தங்கள் சூளையின் நீலக் கண்ணாடிப் பொடியை நூலில் தடவியதே அதன் சூட்சுமமாம். வியந்த அரசர் அவர்களைத் தம் கலைப்பள்ளியில் சேர்த்துக்கொண்டார் என்றும், டெல்லியின் போலா என்னும் குயவரிடம் அவர்கள் தொழில் பயின்றனர் என்றும் அக்கதை முடியும். அரசர் நிறுவிய அக்கலைப்பள்ளியின் தொடக்ககாலப் பெயர் "மத்ரஸா-யே-ஹுனரி". ஹுனர் என்றால் கைத்திறன். கைத்திறனுக்கும் ஒரு மத்ரஸா உண்டு என்று கருதிய காலம் அது. நம் சென்னையில் அலெக்ஸாண்டர் ஹண்டர் 1850இல் தொடங்கிய கலைப்பள்ளியும் ஏறத்தாழ அக்காலத்ததே.

20ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெய்ப்பூரின் சூளைகள் அணையும் நிலைக்கு வந்துவிட்டன. இங்கேதான் கிருபால் சிங் வருகிறார்.

அவர் குயவர் மரபினரல்லர் என்பதை முதலில் மனத்திற்கொள்ள வேண்டும். ஷேகாவாட்டிப் பகுதியின் ராஜபுத்திரர். சாந்திநிகேதனில் நந்தலால் போஸின் மாணவராக ஓவியம் பயின்றவர். இந்திய அரசியலமைப்புச் சட்டத்தின் கையெழுத்து மூலப்படியை அணிசெய்த நந்தலால் போஸின் குழுவில் அவரும் இருந்தார். பின்னர் ஜப்பான் சென்று டோக்கியோவில் கீழைக் கலைகளைப் பயின்றார். சுவர் ஓவியமும் சிற்றோவியமும் கைவந்த ஒருவர், புகழுக்கு அவை போதுமானவையாக இருந்தும், சூளையின் பக்கம் திரும்பினார். கமலாதேவி சட்டோபாத்யாயின் தூண்டுதலும் ராஜமாதா காயத்ரி தேவியின் ஆதரவும் அதற்குத் துணைநின்றன. ஜெய்ப்பூரின் சவாய் ராம் சிங் ஷில்ப கலா மந்திரில் பொறுப்பேற்று மாணவர்களுக்குப் பயிற்சியளித்தார். பின்பு பனி பார்க் பகுதியிலிருந்த தம் இல்லத்தையே பட்டறையாகவும் பள்ளியாகவும் ஆக்கி, "கிருபால் கும்ப்" என்று பெயரிட்டார். கும்பம் என்றால் குடம்தானே. 1974இல் பத்மஸ்ரீ பெற்றார். பெரும் ஓவியர் ஒருவர் தம் வீட்டுக்குக் குடத்தின் பெயரை வைத்துக்கொண்டதில் ஓர் அறிவிப்பு இருக்கிறது.

அவருடைய வேலை எத்தகையது என்பதை அறிய இக்கலம் ஆகும் வகையைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். பொடித்த வெண்கல் பெரும்பங்கு, கண்ணாடித்தூள் சிறுபங்கு, முல்தானி மிட்டி அதனினும் சிறுபங்கு, வெண்காரம், உவர்க்காரம், கதீராப் பிசின். இவற்றை நீர்விட்டுப் பிசைந்தால் வருவது களிமண்ணைப்போல் கைக்கு வசப்படும் பொருளன்று. ரொட்டி மாவுபோலத் தட்டி, அச்சில் இட்டு, உள்ளே சாம்பலோ மணலோ நிரப்பி உலர்த்த வேண்டும். கழுத்தையும் அடியையும் தனியே செய்து ஒட்ட வேண்டும். உலர்ந்ததைக் கல்லால் தேய்த்து மழமழப்பாக்கி, வெண்கல் பொடியும் கண்ணாடியும் மாவும் சேர்ந்த வெண்குழம்பில் தோய்க்க வேண்டும். அதன்மேல்தான் தூரிகை. பிறகு கண்ணாடிப் பூச்சு. பிறகு ஒரே ஒரு முறை சூளை. ஏறத்தாழ 800 பாகைச் சூடு. சூளை ஆறும்வரை சில நாள்கள் திறக்கலாகாது.

இதில் தூரிகை பிடிப்பவருக்குரிய இடர்ப்பாடு ஒன்று உண்டு. கோபால்ட் ஆக்சைடு சூளைக்குப் போகுமுன் நீலமாக இராது, கரிநிறமாக இருக்கும். செம்பின் ஆக்சைடும் அவ்வாறே. அது தரப்போகும் பசுநீலத்தின் சாயல்கூட அப்போது தெரியாது. அதே செம்பு, காரம் மிகுந்த பூச்சின்கீழ் பசுநீலமாகவும், ஈயம் மிகுந்த பூச்சின்கீழ் பச்சையாகவும் மாறும். ஆகவே ஓவியர் கண்ணெதிரே காணும் நிறத்தில் தீட்டவில்லை. வரப்போகும் நிறத்தை மனத்தில் வைத்துத் தீட்டுகிறார். கோடு சற்றே தடித்தால் சூளையில் நீலம் கசிந்து பரவும். வெண்குழம்பு மேற்பரப்பு நீரை உடனே உறிஞ்சிக்கொள்வதால் இட்ட கோட்டை அழித்துத் திருத்த வழியில்லை. காகிதத்தில் ஓவியம் பயின்ற எத்தனையோ பேர் இங்கே தோற்றுப்போவதன் காரணம் இதுவே. சாந்திநிகேதனில் ஒரே வீச்சில் கோடிழுக்கும் பயிற்சியும், ஜப்பானில் பெற்ற தூரிகைப் பழக்கமும் கிருபால் சிங்குக்கு இவ்விடத்தில் கைகொடுத்தன என்று நாம் கருதுகிறோம்.

அவருக்கு முன் ஜெய்ப்பூர்க் கலங்களில் பாரசீகக் கொடியும் மலரும் ஒரே அச்சுப்போலத் திரும்பத் திரும்ப வந்தன. அவர் அக்கொடியை விட்டுவிடவில்லை. அதன் நடுவே மொகலாயப் பூச்செடியையும் பறவைகளையும் யானைகளையும் ராஜபுத்திரச் சிற்றோவியத்து மாந்தரையும் கொண்டுவந்தார். தட்டின் வட்டத்துக்குள் உருவங்களை அடக்கும் அவரது தீர்வு பல இடங்களில் மிக நேர்த்தியானது. விளிம்புக்கொடி உள்ளே வந்து உருவத்தின் ஆடை மடிப்போடு கலந்துவிடும்; எங்கே அலங்காரம் முடிந்து எங்கே சித்திரம் தொடங்குகிறது என்று சொல்ல இயலாது. இஸ்லாமியக் கலையின் கொடியலங்காரமும் இந்தியச் சிற்றோவியமும் சண்டையின்றி ஒரு வட்டத்தில் அமர்ந்திருக்கும் காட்சி அது.

ஆயினும் இதற்கொரு விலை கொடுக்கப்பட்டது. கலம் சித்திரமாயிற்று. குறைந்த சூட்டில் வெந்த இச்சாந்து உறுதி குறைந்தது. பூச்சில் ஈய ஆக்சைடு சேர்ப்பது நெடுநாள் வழக்கமாதலால் உணவுக்கும் ஏற்றதன்று. ஈயமில்லாத பூச்சுக்கான முயற்சிகள் பின்னர் வந்தன. காஷானின் கிண்ணத்தில் மனிதர் உண்டனர். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் சஹனைச் சுற்றி அமர்ந்து ஒரே தட்டில் உண்ணும் நமக்கு, தட்டு என்பது கைகள் கூடும் இடம். கிருபால் சிங்கின் தட்டோ சுவரில் ஏறிவிட்டது. கலத்தை அவர் உயர்த்தினார் என்று சொல்வோர் உண்டு. சுவர் உயரந்தான், ஆனால் அங்கே யாரும் கை நனைப்பதில்லை. இதனை அவர் குற்றமாக நாம் சொல்லவில்லை. உண்கலமாக இக்கலையை உயிர்ப்பித்திருக்க அக்காலத்தில் வழியிருந்ததா என்பதே ஐயம். எஃகுப் பாத்திரமும் பிளாஸ்டிக்கும் வந்துவிட்ட நாட்டில் சூளை எரிய வேண்டுமானால் சுவரைத்தான் நாட வேண்டியிருந்தது. ஆனால் அவரைப் பாராட்டுவோர் இந்த இழப்பைச் சொல்லாமல் கடந்துபோவது நேர்மையன்று.

இனி ஆசிரியப் பணிக்கு வருவோம். குடும்பத்துக்குள்ளேயே பூட்டியிருந்த ஒரு தொழிலை, சாதிக்கு வெளியே இருந்து வந்தவர், சாதி பாராமல் வந்தவர்க்கெல்லாம் கற்பித்தார் என்பதே கிருபால் சிங்கின் ஆகப்பெரிய சாதனை என்பது நம் துணிபு. அவர் தீட்டிய எந்தக் கலமும் இதற்கு நிகரன்று. தந்தை மகனுக்கும் சொல்லாமல் இறந்ததால் அழிந்த தொழில்களின் பட்டியல் நம் நாட்டில் நீளமானது. மகளுக்குச் சொல்லவே கூடாது, அவள் வேறு வீட்டுக்குப் போய்விடுவாள் என்ற கட்டுப்பாடு பல கைத்தொழில்களில் இருந்தது. கிருபால் சிங்கிடம் பயின்றவர்களுள் பெண்களும் இருந்தனர். அபுல் காசிம் 1301இல் எழுத்தால் செய்ததை இவர் கையால் செய்தார் எனலாம்.

இங்கேதான் நம் உறுத்தல் தொடங்குகிறது. அவரைப் பற்றிய கட்டுரைகளில் நந்தலால் போஸின் பெயர் தவறாமல் வருகிறது. ஜப்பான் வருகிறது. ஆதரித்த அரசமாதாவும் வருகிறார். சாந்து பிசைந்த கைகளின் பெயர் பெரும்பாலும் வருவதில்லை. டெல்லிப் போலாவின் பெயர் ஒற்றைச் சொல்லாகப் பட்டக் கதைக்குள் சிக்கிக் கிடக்கிறது. அதற்கு முன் முல்தானிலும் டெல்லியிலும் காஷீ வேலை செய்த எத்தனையோ உஸ்தாதுகளுக்கு அந்த ஒற்றைச் சொல்கூட இல்லை. இதன் விளைவு வெறும் மரியாதைக் குறைவு மட்டுமன்று. "ராஜபுத்திரக் கலை" என்றோ "ஜெய்ப்பூரின் கலை" என்றோ பெயர் சூட்டி விற்கப்படும் கலத்தில், அதனை அந்நகரம் வரை சுமந்துவந்த மக்களின் பங்கு மறைந்துபோகிறது. பங்கு மறைந்த மக்களை அந்நியர் என்று சொல்வதும் பின்னர் எளிதாகிவிடுகிறது.

இஸ்லாமியக் கைவினைஞர் பணிவின் பொருட்டுத் தம் பெயரை மறைத்தனர் என்று ஒரு கருத்து அடிக்கடி சொல்லப்படுகிறது. நம்மவர்களே பெருமையோடு சொல்கிறார்கள். அது வரலாற்றுக்கு ஒத்துவரவில்லை. அபுல் காசிமின் தந்தை அலீ, 1265இல் வராமீன் இமாம்ஸாதா யஹ்யாவுக்குச் செய்த ஒளிரும் மிஹ்ராபில் தம் பெயரையும் தம் தந்தை, பாட்டனார் பெயரையும் பொறித்திருக்கிறார். அந்த மிஹ்ராப் கைமாறிக் கைமாறி இன்று ஹவாய்த் தீவுகளின் ஹொனலூலுவில் இருக்கிறது. பெயர் மட்டும் ஓட்டை விட்டு அகலவில்லை. அபுல் காசிமின் சகோதரர் யூசுஃபும் தம் வேலையில் பெயரெழுதியவரே. உஸ்மானிய எழுத்தணிக் கலையில் உஸ்தாதிடம் இஜாஸத் பெறாத மாணவர் தம் எழுத்தின்கீழ் கையொப்பமிட இயலாது, பெற்றபின் இடலாம். ஆகப் பெயர் எழுதுவது செருக்காகக் கருதப்படவில்லை. யாரிடம் கற்றேன் என்று சொல்லும் பொறுப்பாகவே கருதப்பட்டது. ஹதீஸ் கலையில் இஸ்னாத் அறுந்த செய்திக்கு என்ன மதிப்பு என்பதை இவ்விதழின் வாசகர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை. கைத்திறனுக்கும் இஸ்னாத் உண்டு.

இதற்கு நல்ல எதிர்காட்டு கிருபால் சிங்குக்கு மூத்தவரான சர்தார் குர்சரண் சிங். டெல்லி நீல மட்பாண்டத்தின் தந்தை என்று போற்றப்படும் இவர், இளமையில் டெல்லியில் தொழில் பயிலச் சென்றபோது அங்கே பட்டாணியக் குயவர் அப்துல்லாஹ்வைக் கண்டார். டெல்லியின் நீல ஓடுகளைச் செய்த பரம்பரையில் எஞ்சியவர் அப்துல்லாஹ். பின்னர் குர்சரண் சிங் 1919இல் ஜப்பான் சென்றார், பெர்னார்ட் லீச், ஹமாடா, யானகி போன்ற பெரியோரோடு பழகினார், நாடு திரும்பி நெடுங்காலம் உழைத்து, 1950களில் டெல்லியில் தம் சொந்தப் பட்டறையை நிறுவினார், பலரைப் பயிற்றுவித்தார், 1991இல் பத்மஸ்ரீ பெற்றார், 1995இல் மறைந்தார். லீச்சின் நட்பை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாலே அவருக்குப் பெருமை போதியதாயிருந்திருக்கும். அவர் அப்துல்லாஹ்வை மறக்கவில்லை. இந்திய மட்பாண்டம் பற்றித் தாம் எழுதிய நூலிலும் அவரை நினைவுகூர்ந்தார். அதனால்தான் இன்று அப்துல்லாஹ் என்றொருவர் இருந்தார் என்பது நமக்குத் தெரிகிறது. ஒரு சீக்கியர் ஒரு பட்டாணியரின் பெயரைக் காத்துக் கொடுத்திருக்கிறார். இதற்கு அவருக்கு ஆன செலவு சில வரிகள்.

கிருபால் சிங்கை எழுதுவோர் இந்தச் சில வரிகளைச் செலவிட்டிருக்க வேண்டும் என்பதே நம் குறை. அவர் பெயரைக் குறைத்து இன்னொருவர் பெயரைக் கூட்டுவது நம் நோக்கமன்று. தொடரின் நடுவில் நிற்பவரைத் தொடக்கமாகக் காட்டும்போது அவருக்கே குறை நேர்கிறது. பெற்றுக்கொண்டதை மறைத்தால், அவர் கொடுத்ததன் அருமையும் மங்கிவிடும்.

அவர் திறந்துவிட்ட கதவின் வழியே நல்லவை மட்டும் வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜெய்ப்பூரைச் சூழ்ந்த கிராமங்களில், குறிப்பாகக் கோட் ஜேவரில், குடும்பங்கள் இத்தொழிலில் இறங்கின. லீலா போர்டியா போன்றோர் 1970களின் இறுதி முதல் அவர்களோடு உழைத்து வெளிநாட்டுச் சந்தையைக் காட்டினர். சந்தை கேட்டது குடத்தையன்று; மணிகள், கதவுக் குமிழ்கள், சிறு ஓடுகள். எளிதில் உடையாதவை, எளிதில் அனுப்பத்தக்கவை. பல குடும்பங்கள் இதனால் உண்டன; இது சிறிய செய்தியன்று. ஆனால் கதவுக்குமிழுக்கு ஐந்து இதழ்ப் பூ ஒன்று போதும். வட்டத்துக்குள் உருவத்தை அடக்கும் கல்வி அதற்குத் தேவைப்படுவதில்லை. செய்முறை பரவிய வேகத்தில் தூரிகை பரவவில்லை. செய்முறையைத் தாளில் எழுதிக் கொடுக்கலாம். வரப்போகும் நீலத்தைக் கரியில் காணும் கண்ணை, உஸ்தாதின் பக்கத்தில் பல்லாண்டு உட்கார்ந்துதான் பெற வேண்டும்.

உட்காருவதற்கு இடம் அமைத்தால் அது நடக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. டெல்லியில் ஹுமாயூன் கல்லறையைப் புதுப்பிக்கும் பணியில் (2007–2013) ஆகா கான் அறக்கட்டளை, மாடங்களின் உதிர்ந்த ஓடுகளைச் செய்ய ஆளைத் தேடியபோது, டெல்லியில் அக்கலை அற்றுப்போயிருந்தது. உஸ்பெகிஸ்தானிலிருந்து உஸ்தாதுகள் வந்து, கல்லறையை அடுத்த நிஜாமுத்தீன் பஸ்தியின் இளைஞர்களுக்குக் கற்பித்தனர். முன்னொரு நாள் வந்த வழியிலேயே தொடர் மீண்டும் வந்து சேர்ந்தது. தெற்கிலும் நமக்கு அருகே புதுச்சேரியில், ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டப் பட்டறையில் பயின்றவர்கள் இன்று நாடெங்கும் தனித்தனியே சூளை வைத்திருக்கிறார்கள். அவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லும்போது முதலில் சொல்வது அங்கே பயின்றதைத்தான்.

நம் வட்டாரத்தில் சூளைக்கலை இல்லை. ஓசூரின் சிப்காட் ஆலைகளுக்கு வேலைக்குச் செல்லும் பிள்ளைகள், பயிற்சியாளர் என்ற பெயரில் ஓரிரு ஆண்டுகள் இருந்துவிட்டு வேறு வாயிலுக்குப் போகிறார்கள். தங்களுக்குக் கற்பித்தவர் பெயரைக் கேட்டால், பிரிவின் பெயரையும் எண்ணையும் சொல்லுகிறார்கள். அவர்களைக் குறைகூறி என்ன பயன்? கற்பித்தவரே அடுத்த மாதம் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டிருப்பார்.

ஆனால் வேப்பனப்பள்ளியிலிருந்து கிருஷ்ணகிரி செல்லும் சாலையில் லாரிகளுக்குப் பட்டைவேலை பார்க்கும் ஒரு சிறு பட்டறையில் நாம் கண்டது வேறு. தலைமை மேஸ்திரி முஸ்லிம். கையாட்களில் தெலுங்கு பேசுவோரும் தமிழ் பேசுவோரும் உண்டு. எல்லோரும் அவரை "உஸ்தாத்" என்றே அழைக்கிறார்கள். அச்சொல்லின் பிறப்பை அவர்களில் ஒருவரும் அறியார். அவர் இரும்பைத் தட்டும் ஓசையை வைத்தே சூடு போதுமா என்று சொல்லுவார். இந்த ஓசையை யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டோம். சம்மட்டியைக் கீழே வைத்தார். தம் உஸ்தாதின் பெயரையும், அவருடைய உஸ்தாதின் பெயரையும், அவர் பெங்களூரில் எந்தத் தெருவில் கடை வைத்திருந்தார் என்பதையும் சொன்னார். அதற்கு முன்னால் யார் என்று தெரியவில்லை என்று வருத்தப்பட்டார். பக்கத்தில் நின்ற சிறுவன், தான் எதற்கு நிறுத்தப்பட்டோம் என்று புரியாமல், துருத்தியின் கைப்பிடியைப் பிடித்தபடியே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.